ஊரெல்லாம் இருமல்

ஜனவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

போனில் கூப்பிடாதே என்று சொன்னவள் நான்தான். அதனால் நானே முதலில் எழுதுகிறேன். போனில் உன் குரலைக் கேட்டாலே எனக்குச் சுள்ளென்று ஏறிவிடுகிறது. நான் கத்துகிறேன். நீ "அக்கா, நான் சொல்ல வர்றதக் கொஞ்சம் கேளு" என்று ஒரே குரலில் நாலு தடவை சொல்கிறாய், அதில் இன்னும் ஏறுகிறது. காகிதத்தில் நான் கத்த முடியாது. உனக்கும் குறுக்கே பேச முடியாது.

கட்டணம் வந்து மூன்று வாரம் ஆகிறது. டாக்டரைப் பார்க்க ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டின் விலை. அதிகமில்லை என்று நீங்கள் தலைமை அலுவலகத்தில் பேசியிருப்பீர்கள். அரசாங்க மருத்துவ நிலையத்தின் பதிவு ஜன்னலில் பதினாறு வருடமாக உட்கார்ந்து, பெயர் என்ன, உடம்புக்கு என்ன என்று கேட்டு எழுதியவள் நான். இப்போது கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்குக் கீழே கைவிடும் ஓட்டையில் ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். அதில் சில்லறை விழும் சத்தம் காத்திருப்பு அறை முழுக்கக் கேட்கிறது.

போன செவ்வாய் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் உடம்பு சரியில்லை, ஒருவருக்குத்தான் காசு. யார் நோய் பெரிசு என்று என் ஜன்னலுக்கு முன்னால் கால் மணி நேரம் வழக்காடினார்கள். கடைசியில் பெண்டாட்டி ஜெயித்தாள், ஆனால் உள்ளே போனது புருஷன். இன்னொரு அம்மாள் கேட்டாள்: "காசு கட்டிட்டு உள்ள போறேன். உனக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டா காசு திரும்ப வருமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

காலையில் தொண்ணூறு பேர் வந்த இடத்தில் இப்போது நாற்பது பேர். அங்கே இதைப் பார்த்து யாராவது கைதட்டியிருப்பீர்கள்.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். மாதம் தவறாமல் டாக்டரம்மாவைப் பார்க்க வருவாரே, ஆறாம் தேதி வந்தார். சளி, இருமல், இந்தப் பருவத்தில் எல்லோருக்கும் வருவது. தட்டில் காசை எண்ணிப் போட்டுவிட்டு உள்ளே போனார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, வெந்நீர் குடியுங்கள் என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்து என்னிடம் சொல்கிறார்: "வெந்நீர் குடின்னு சொல்றதுக்கு ஒரு சாப்பாட்டுக் காசா? இது நம்ம அடுப்புக்கே தெரியுமே!" அதோடு சரி. இனி வர மாட்டாராம்.

அவரிடம் காசில்லாமல் இல்லை. பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருடம் எஞ்சின் கழற்றியவர், பென்ஷன் வருகிறது. இலவசமாக இருந்தவரை சும்மா போனாராம். காசு கட்டிப் போனால் அதற்குத் தகுந்த பெரிய நோயாக இருக்க வேண்டுமாம். நான் கட்டுகிறேன் என்றேன். "என் உடம்புக்கு நீ காசு கட்டினா அப்புறம் அது உன் உடம்பு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அறுபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். அப்பா போன பிறகு கல்யாணம்கூட வேண்டாமென்று நம் இரண்டு பேரையும் வளர்த்தவர். இனி அவர் உடம்பை யார் பார்ப்பது? உன் கட்டணம் பார்க்குமா?

உன் அக்கா


ஜனவரி 29

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காகிதத்திலும் நீ நன்றாகவே கத்துகிறாய்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் போட்டது நான் இல்லை. நான் புள்ளிவிவரப் பிரிவில் மூன்றாவது மேசை. மேலே முடிவாகிக் கீழே வந்த காகிதத்துக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். டாக்டர்கள் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் கூடக் கொடுக்க முடியாமல் திணறுவது உனக்குத் தெரியாதா? சும்மா வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவர்கள் குறைந்தால் நிஜ நோயாளிக்கு நேரம் கிடைக்கும். இதை நான் இன்னும் நம்புகிறேன். நீ திட்டினாலும் நம்புகிறேன்.

கட்டணத்துக்கு விதி எழுத உட்கார்ந்த குழுவில் நான் வாயைத் திறந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. எட்டாம் விதியை எடுத்துப் படித்துப் பார். அதே நோய்க்காக முப்பது நாளுக்குள் மறுபடி வந்தால் கட்டணம் கிடையாது. முதல் தடவை வந்த நாளிலிருந்து முப்பது நாள் என்றுதான் எழுதியிருந்தார்கள். நாட்பட்ட நோய்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டு, கடைசியாக வந்த நாளிலிருந்து என்று மாற்ற வைத்தேன். மூன்று கூட்டம் பிடித்தது. ஒரு பெரியவர் என்னை "தம்பிக்கு இளகிய மனசு" என்று கிண்டல் செய்தார். இருபது வருட வேலையில் நான் செய்த நல்ல காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்த ஒரு வரியைத்தான் சொல்வேன். ஊரில் என்னை வில்லனாக்கி வைத்திருக்கிறாய், அதனால் சொல்கிறேன்.

அந்த அம்மாளுக்குப் பதில்: காசு திரும்ப வராது.

சித்தப்பாவை எப்படியாவது வரவழை. அவருக்கு உன்னிடம்தான் பயம், என்னிடம் இல்லை.

தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

எட்டாம் விதியைப் படித்தேன். டாக்டரம்மாவும் படித்தார். இரண்டு பேரும் இரண்டு தடவை படித்தோம். உனக்கு இளகிய மனசு என்று சொன்ன பெரியவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். நீ வில்லன் இல்லை என்பதை இந்த ஜன்னலில் நானே அறிவித்துவிட்டேன்.

கூட்டம் திரும்பிவிட்டது. நேற்று எண்பத்தி மூன்று பேர். தட்டில் சத்தமே இல்லை. ஜனவரியில் ஊரே இருமிக்கொண்டிருந்ததல்லவா? அந்த இருமல் யாரையும் விட மாட்டேன் என்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் இருமல். காலைச் சுளுக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்த தபால்காரருக்கு இருமல். உளி பட்டுக் கை கிழிந்து வந்த தச்சருக்கும் இருமல். பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருக்கிற டீச்சருக்கும் அதேதான். பாவம், எல்லோரும் அதே நோய்க்கு முப்பது நாளுக்குள் மறுபடி வருகிறார்கள். விதிப்படி நான் என்ன செய்ய முடியும், பணம் வாங்காமல் உள்ளே அனுப்புகிறேன்.

சித்தப்பாவும் நாலாம் தேதி வந்துவிட்டார். காசில்லை என்று நான் சொன்ன பிறகுதான். முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கிக்கொண்டு, டாக்டரம்மாவிடம் டிப்போ கதை சொல்லிவிட்டுப் போனார். ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டார்கள், சீராக இருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாகச் சாப்பாடு இறங்கியது.

உன் அக்கா

பி.கு. சித்தப்பா உன்னை "நம்ம கணக்கு எப்படி இருக்கான்?" என்று கேட்டார். சின்ன வயதில் படிக்கட்டைக்கூட எண்ணிக்கொண்டே ஏறுவாயே, அதை டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டார்.


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்குக் கோபப்படாதே. எழுத நேரமில்லாததற்குக் காரணமே உங்கள் ஊர்தான்.

முதல் காலாண்டுக் கணக்கு வந்தது. மொத்தம் நூற்றுப் பத்து மருத்துவ நிலையங்கள். நூற்று ஒன்பதில் இருமல், காய்ச்சல், மூட்டுவலி எல்லாம் கலந்து வழக்கம்போல இருக்கிறது. உங்கள் நிலையத்தில் மட்டும் நூற்றுக்கு எண்பத்தாறு பேருக்கு இருமல். ஒரு ஆளின் இருமல் சராசரியாக எழுபது நாளுக்கு மேல் நீடிக்கிறது. இப்படி ஒரு எண்ணை என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. முதலில் தட்டச்சுப் பிழை என்று நினைத்து மூன்று தடவை சரிபார்த்தேன். பிழையே இல்லை.

அப்புறம்தான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. சுளுக்கு என்று வந்தவருக்கும் இருமல், கை கிழிந்தவருக்கும் இருமல், கர்ப்பிணிக்கும் இருமல் என்று எழுதியிருந்தாயே. வயது, தொழில் வேறுபாடு இல்லாமல் பரவுகிறது என்று அறிக்கையில் சேர்த்தேன். மேலதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் பழைய பஞ்சாலை ஏதாவது உண்டா, தூசி உண்டா, தண்ணீர் எப்படி என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

மே ஆறாம் தேதி நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் வண்டி உங்கள் நிலையத்துக்கு வருகிறது. நான்கு பணியாளர்கள், ஒரு நுரையீரல் நிபுணர், ஐந்து நாள். இருமல் என்று பதிவான எல்லோரையும் வரச் சொல்ல வேண்டும். பட்டியல் தனியாக வரும். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் உட்காருகிறாய் என்றாலும் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள். சித்தப்பாவையும் பட்டியலில் பார்த்தேன். அவரை முதல் நாளே நிற்க வை.

தம்பி


ஏப்ரல் 28

தம்பி,

வண்டியை நிறுத்து.

யாருக்கும் இருமல் இல்லை. நான் எழுதியதை நீ கிண்டல் என்று புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். உன்னைப் பெற்ற அம்மா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். சுளுக்குக்காரருக்கு இருமல் வந்தது உன் எட்டாம் விதியால்தான், பஞ்சாலைத் தூசியால் இல்லை.

நடப்பதை அப்படியே எழுதுகிறேன். ஜனவரியில் ஒரு தடவை காசு கட்டி இருமலுக்கு வந்தவர், அப்புறம் எந்த நோவோடு வந்தாலும் "அதே இருமல்" என்று பதிந்துவிடுவேன். கடைசியாக வந்த நாளிலிருந்து முப்பது நாள். ஒவ்வொரு தடவையும் முப்பது புதிதாக ஆரம்பிக்கிறது. உன் விதிப்படி ஒரு இருமல் சாகும்வரை ஓடும். மூட்டுவலி என்று போட்டால் யாராவது காலைப் பார்ப்பார்கள். இருமலை யார் பார்க்க முடியும்? கேட்டால் இரண்டு தடவை இருமிக் காட்டலாம். சிலர் உற்சாகத்தில் ஜன்னலுக்கு வரும்போதே இருமிக்கொண்டு வருகிறார்கள். அப்படியெல்லாம் நடிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உள்ளே போனதும் டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பார். இருமல் என்று இருக்கும். "சரி, இருமல் கிடக்கட்டும், நிஜமா உடம்புக்கு என்ன?" என்பார். நோயாளி நிஜத்தைச் சொல்வார். மருந்துச் சீட்டில் நிஜ மருந்து. தாளில் மட்டும்தான் பொய்.

டாக்டரம்மாவுக்கு இன்னும் நாலு வருடம் வேலை இருக்கிறது. எனக்கு ஒன்பது. வண்டி வந்து நல்ல நெஞ்சுகளையெல்லாம் படம் எடுத்தால் எங்கள் இரண்டு பேரின் கதையும் கந்தல்தான்.

அக்கா


மே 3

அக்காவுக்கு,

வண்டி கிளம்பிவிட்டது. நிறுத்த முடியாது. நிறுத்த வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும், காரணம் நீதான்.

இரண்டு நாள் உனக்கு எழுதப் பிடிக்கவில்லை. அந்த எண்ணை மூன்று தடவை சரிபார்த்தேன் என்றேனே, ஏன் அதற்கு மேல் சந்தேகப்படவில்லை தெரியுமா? அது நீ பதிந்த எண். வேறு எந்த ஊராக இருந்திருந்தாலும் ஆளை அனுப்பி விசாரித்திருப்பேன். என் அக்கா பதிந்தது தப்பாக இருக்காது என்று கையெழுத்துப் போட்டேன். நீ என் விதியை எடுத்து எனக்கே விளையாட்டுக் காட்டியிருக்கிறாய். எனக்கு வலிக்கிறது. இதை எழுதாமல் விட்டால் இன்னும் வலிக்கும்.

இனி செய்வது இதுதான். எல்லோரும் வரிசையில் நிற்கட்டும். நெஞ்சு சுத்தமாக இருந்தால், பருவ இருமல், தானாக நின்றுவிட்டது என்று நிபுணர் எழுதிவிட்டுப் போவார். எனக்கு எதுவும் தெரியாது. உன் ஏப்ரல் 28 கடிதம் எனக்கு வரவேயில்லை. வண்டி போனதும் பதிவை ஒழுங்காகப் போட ஆரம்பி. டாக்டரம்மாவிடமும் சொல்லிவிடு.

தம்பி


மே 17

அன்புள்ள தம்பிக்கு,

வண்டி வந்து போய்விட்டது. வாசலில் நின்ற ஐந்து நாளும் நிலையம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. எழுநூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோரும் குளித்து, துவைத்த துணி போட்டுக்கொண்டு, நோயாளி என்று நம்ப வைக்க ஒரு கைக்குட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். தச்சர் வரிசையில் நின்று இருமிய இருமலில் பக்கத்தில் இருந்தவருக்கு நிஜமாகவே சந்தேகம் வந்து நாலடி தள்ளி நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க ஊர் இவ்வளவு பாடுபடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிரிப்பதா அழுவதா தெரியாமல் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

எழுநூற்றுப் பதினொரு படம் சுத்தம்.

சித்தப்பா படத்தில் வலது பக்கம் கீழே ஒரு நிழல். உள்ளங்கை அகலம். நிபுணர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவரோட யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தேன்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். பத்து நாளாகத்தான் இருமல் என்று சித்தப்பா அங்கே சொல்லியிருக்கிறார். பத்து நாள் என்றால் கிருமித் தொற்றாக இருக்கும், இரண்டு வாரம் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், அதற்கும் கலையாவிட்டால் ஊசி போட்டு உள்ளிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கலாம் என்று வார்டு டாக்டர் சொல்கிறார். ஊசி இந்த வயதில் கொஞ்சம் ஆபத்தாம், அதனால் அவசரப்பட வேண்டாமாம்.

ஆனால் தம்பி, பத்து நாள் இல்லை. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

மார்ச் முதல் வாரம் அவர் ஜன்னலுக்கு வந்தார். என்ன சித்தப்பா என்றேன். "இருமல்மா" என்றார். நான் சிரித்தேன். "உங்களுக்கும் பழகிப்போச்சா!" என்றேன். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். அவரும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார். உள்ளே டாக்டரம்மா எல்லோரிடமும் கேட்பது போலவே, "இருமல் கிடக்கட்டும், நிஜமா என்ன?" என்று கேட்டிருக்கிறார். முழங்கால் என்று சொல்லியிருக்கிறார். தைலம் எழுதிக் கொடுத்தார்கள். ஏப்ரலிலும் அதே. நேற்று அவர் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஜனவரியிலிருந்து வரிசையாக இருமல், இருமல், இருமல் என்று என் கையால்தான் போட்டிருக்கிறேன். அதில் எது பொய், எது நிஜம் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

நான் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

உன் அக்கா


மே 20

அக்கா,

போனை எடு. இதை ஆபீஸ் தபால் வண்டியில் கொடுத்து அனுப்புகிறேன். ஆறு தடவை கூப்பிட்டுவிட்டேன். வார்டில் எதுவும் சொல்வதற்கு முன் என்னிடம் பேசு. வண்டி அனுப்பியதற்கு மேலிடத்திலிருந்து என்னைப் பாராட்டி ஒரு தாள் வந்திருக்கிறது. முன்கூட்டியே கண்டுபிடிக்கப்பட்டது என்று சித்தப்பாவைப் பற்றித்தான் அதில் எழுதியிருக்கிறார்கள்.

தம்பி


மே 27

அன்புள்ள தம்பிக்கு,

அன்றைக்குப் போனில் நான் கத்தவில்லை, கவனித்தாயா? நீதான் கத்தினாய். இரண்டு நாள் பொறு, யோசிப்போம் என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை, உனக்கும் பயம். ஆனால் நான் பொறுக்கவில்லை. போனை வைத்த கையோடு வார்டுக்குப் போய்விட்டேன்.

வார்டு டாக்டர் சின்னப் பெண். கட்டிலருகில் நின்று சித்தப்பாவிடம் மறுபடி கேட்டாள்: "ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எத்தனை நாளா இருமறீங்க?" சித்தப்பா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பத்து, பன்னெண்டு நாள் இருக்கும்மா" என்றார்.

நான் சொன்னேன். மார்ச்சிலிருந்து என்று. நான் எப்படிப் பதிந்தேன், எப்படிச் சிரித்தேன், டாக்டரம்மா எப்படிக் கேட்பார், எல்லாம். அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். திட்டவில்லை. மறுநாள் காலையிலேயே ஊசிச் சோதனைக்கு ஏற்பாடு செய்தாள்.

அவள் போனதும் சித்தப்பாவுக்கு அப்படி ஒரு கோபம். என் வாழ்க்கையில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. "எதுக்குச் சொன்ன? நான்தான் சமாளிச்சுட்டு இருந்தேன்ல?" என்றார். எதைச் சமாளித்தீர்கள் என்றேன். அப்போதுதான் சொன்னார்.

"உள்ள போய் நிஜமாவே இருமல்தான்னு சொல்லியிருப்பேன்மா. சொன்னா டாக்டரு படம் எடுக்க அனுப்பும். அனுப்பினா பெரிய ஆஸ்பத்திரில என் பதிவைக் கேப்பாங்க. முழங்காலுக்குத் தைலம் வாங்கினவனுக்கு எப்படி மூணு மாசமா இருமல்னு ஒருத்தன் கேட்டா, நீ எங்க போவ? ரெண்டு பிள்ளைங்கள வச்சிருக்க. இருமல்தானே, போயிடும்னு பாத்தேன்."

வீட்டில் நான் போகும்போதெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பார். வெந்நீர் வைத்தியம் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். இருமல் வராமல் இருக்கத்தான் குடித்திருக்கிறார். எனக்காக நெஞ்சுக்குள்ளேயே அடக்கி வைத்திருந்திருக்கிறார், தம்பி. மூன்று மாதமாக. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, பக்கத்துக் கட்டில்காரர் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

முடிவு வந்துவிட்டது. காசநோய். குணமாகும். ஆறு மாதம் தினமும் மாத்திரை, மாத்திரைக்குக் காசு கிடையாது. ஆனால் வலது நுரையீரலின் அடிப்பகுதி திரும்பி வராது. மார்ச்சில் வந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். கேட்டது நான்தான், அவளாகச் சொல்லவில்லை. அவரோடு பழகிய எல்லோருக்கும் சோதனை. நானும் பிள்ளைகளும் செய்துகொண்டோம், எங்களுக்கு இல்லை. ஜன்னலில் அவருக்குப் பின்னால் நின்று சிரித்தவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். என்னென்ன பொய்யாகப் பதிந்தேன், எந்தத் தேதியிலிருந்து, எதற்காக என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டாக்டரம்மாவும் கீழே கையெழுத்துப் போட்டார். போட வேண்டாம் என்றேன். "கேள்வியைக் கேட்டது நான்தானே" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். கட்டணம் வந்த பிறகு வராமலே நின்றுபோனவர்கள் என்று எனக்குத் தெரிந்த முப்பத்தொரு பேரின் பெயரும் பின்பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் பொய் சொல்லக்கூட வரவில்லை. அதையும் அங்கே யாராவது படிக்க வேண்டும்.

இதை உன் கையால் கொடு. உன்னால் முடியாவிட்டால் திருப்பி அனுப்பு, நான் நேராக அனுப்பிக்கொள்கிறேன். கோபப்பட மாட்டேன்.

உன் அக்கா


ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கொடுத்துவிட்டேன்.

நாலு நாள் அந்த உறையைப் பையிலேயே வைத்துக்கொண்டு போய் வந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்தாவது நாள் பின்பக்கத்தில் இருந்த முப்பத்தொரு பெயரைப் படித்தேன். பாதிப் பேரை எனக்குத் தெரியும். நம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருக்கிறார். ஜனவரியில், தேவையற்ற வருகைகள் பாதிக்கு மேல் குறைந்தன என்று ஒரு படம் வரைந்து கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று அதைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அந்தத் தேவையற்ற வருகைகளில் அவர் இருக்கிறார். வெந்நீரோடு வீட்டுக்குப் போன சித்தப்பாவும் இருந்திருக்கிறார். தேவையற்றது என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. வராதவர்களை அப்படி அழைப்பது வழக்கம், அவ்வளவுதான்.

உன் தாளுக்கு மேலே என் தாளையும் வைத்தேன். விதியை எழுதியது நான், உண்மை தெரிந்த பிறகு வண்டியைப் பேசாமல் விட்டதும் நான், பாராட்டுத் தாளைத் திருப்பித் தருகிறேன் என்று. மேலதிகாரி இரண்டையும் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். அப்புறம், "உங்க அக்கான்னு எதுக்கு எழுதியிருக்கீங்க? பதிவு எழுத்தர்னு போட்டா போதுமே, உங்களுக்கு நல்லது" என்றார். "எங்க அக்காதான் சார்" என்றேன்.

விசாரணை வரும். உன்னை மூன்று மாதமாவது வீட்டில் உட்கார வைப்பார்கள், டாக்டரம்மாவுக்கும் கஷ்டம் இருக்கிறது. என்னை மூன்றாவது மேசையிலிருந்து எங்கே தள்ளுவார்கள் என்று தெரியாது. எட்டாம் விதியைத் தூக்கிவிடுவார்கள் என்று பேச்சு. கட்டணத்தைத் தூக்குவார்களா என்று கேட்டேன். அது என் வேலை இல்லை என்றார்கள். முப்பத்தொரு பெயர்களை மட்டும் நகல் எடுத்து, அந்த ஜனவரிப் படத்துக்குப் பக்கத்தில் நானே மாட்டிவிட்டேன். இன்று மாலைவரை யாரும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன், பத்து நாள் விடுப்பு. மாத்திரை கொடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கொஞ்சம் தூங்கு.

அதற்கு முன்னால் சித்தப்பாவிடம் போய் இதைச் சொல்லிவிடு. எல்லாம் வெளியே வந்துவிட்டது, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனி அவர் காப்பாற்ற யாரும் பாக்கியில்லை. வாய்விட்டு இருமச் சொல்.

தம்பி